முடி கொட்டுதா என்று கேட்டார்

காரவள்ளியிலிருந்து எங்கள் மலைக்கு ஏறும் சாலையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. வெளியூர்க்காரர்களுக்கு அது வாந்தி வரவைக்கும் சாலை. என் மகளுக்கு அது வேறு மாதிரியான சாலை. எந்த வளைவுக்குப் பக்கத்தில் மறைவான புதர் இருக்கிறது, எந்த இடத்தில் பஸ்ஸை நிறுத்தினால் பின்னால் வரும் வண்டிக்கு இடைஞ்சல் இல்லை, எந்தக் கண்டக்டர் முகம் சுளிக்காமல் விசில் ஊதுவார் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னாள், "ரோட்டுக்காரங்க நம்பர் போட்டிருக்காங்கம்மா, நான் பேரே வெச்சிருக்கேன்." நானும் சிரித்தேன். அதற்குப் பிறகுதான் அவள் எத்தனை நாளாக இதை மறைத்து வைத்திருந்தாள் என்று யோசித்தேன்.

அவள் நாமக்கல்லில் கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். விடுதியில் இருந்தபோதே ரத்தமாகப் போயிருக்கிறது. மூலம் என்று நினைத்துக்கொண்டு வெந்தயத்தை ஊறவைத்துத் தின்றிருக்கிறாள். லீவுக்கு வந்தவள் வாசலில் நின்றபோது எனக்கு அடையாளமே தெரியவில்லை. கன்னம் ஒட்டி, உதடு வெளுத்து, துப்பட்டா தோளில் நிற்காமல் நழுவியது. சேலத்தில் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர் பெருங்குடல் முழுக்கப் புண் என்றார். முழுதாகப் போகிற நோய் இல்லை, ஆனால் அடக்கி வைக்கலாம் என்றார்.

நான் நடுநிலைப் பள்ளியில் ஆசிரியை. எதையும் விளக்கிச் சொன்னால் பயம் குறையும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவள். அதனால் டாக்டரிடம் விளக்கம் கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். உடம்பில் காவல்காரர்கள் இருக்கிறார்கள், வெளியிலிருந்து வரும் கிருமியை அடிப்பது அவர்கள் வேலை, உங்கள் மகளுக்கு அந்தக் காவல்காரர்கள் சொந்த வீட்டையே அடிக்கிறார்கள், அதனால் மருந்து கொடுத்து அவர்களைக் கொஞ்சம் தூங்க வைக்கிறோம் என்றார். எனக்கு நன்றாகவே புரிந்தது. புரிந்ததும் வந்த கேள்வியை அவரிடம் கேட்கவில்லை. காவல்காரன் தூங்கினால் திருடன் வரும்போது யார் பார்ப்பது?

முதலில் ஸ்டீராய்டு கொடுத்தார்கள். ரத்தம் நின்றது. பதிலுக்கு முகம் பூசணிக்காய் மாதிரி உப்பியது. பசி என்றால் அப்படி ஒரு பசி. தட்டுத் தட்டாகச் சாப்பிட்டுவிட்டு இன்னும் இருக்கிறதா என்று பானையை எட்டிப் பார்ப்பாள். தூக்கம் போனது. ஒன்றுமில்லாததற்கெல்லாம் சண்டை போட்டாள், பிறகு அழுதாள். ஸ்டீராய்டிலேயே நெடுநாள் இருக்க முடியாது, எலும்பு கரையும், சர்க்கரை வரும், மெல்ல அதைக் குறைத்துக்கொண்டு இன்னொரு மாத்திரைக்கு மாறவேண்டும் என்றார் டாக்டர். மஞ்சள் நிறத்தில் சின்ன மாத்திரை. அடிக்கடி ரத்தம் பார்க்கவேண்டும், காய்ச்சல் வந்தால் மட்டும் வீட்டில் வைத்துக்கொண்டிருக்காதீர்கள் என்று இரண்டு தடவை சொன்னார்.

மாத்திரை அட்டையோடு வந்த காகிதத்தை அன்று சாயங்காலமே உட்கார்ந்து படித்தேன். அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். அதை எழுதியவருக்குப் பிள்ளை குட்டி இருக்காதோ என்று தோன்றியது. அத்தனை கொடுமையான சொற்களுக்கு நடுவே முடி உதிரலாம் என்றும் ஒரு வரி இருந்தது. மற்றவற்றைப் பார்த்த பயத்தில் அந்த ஒரு வரிதான் எனக்கு ஆறுதலாக இருந்தது. முடிதானே, போனால் வளரும்.

முடியைப் பற்றி எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு பேச்சு இருந்தது. என் கணவரின் அக்கா பக்கத்து வீட்டிலேயே இருக்கிறார். நங்கை என்று கூப்பிடுவேன். பிள்ளை இல்லாதவர். என் மகளை அவர்தான் பாதி வளர்த்தார். நோய் தெரிந்த அன்றே குலசாமி கோயிலுக்குப் போய், இவளுக்கு உடம்பு தேறினால் முடி எடுக்கிறோம் என்று நேர்ந்துகொண்டு வந்துவிட்டார். மகளுக்கு இடுப்புக்குக் கீழே வரும் கூந்தல்.

"என் முடிய அத்தை எப்படிக் குடுக்கலாம்?" என்று இவள் சண்டைக்குப் போனாள்.

"உங்கிட்டக் கேட்டா குடுத்திருப்பியா கண்ணு?"

"கேட்டிருந்தா குடுத்திருப்பேன். கேக்காமக் குடுத்தா அது திருட்டுங்க அத்தை. சாமிக்குத் திருட்டுப் பொருளா குடுக்கறது?"

நங்கை என்னைப் பார்த்து, "டீச்சரம்மா பெத்தது அப்படித்தான் பேசும்" என்றார். ஆனாலும் நேர்ந்தது நேர்ந்ததுதான். உடம்பு தேறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம்.

மஞ்சள் மாத்திரை ஆரம்பித்த பிறகு எடுத்த முதல் ரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரியாக இருந்தது. வயிறும் அமைதியாக இருந்தது. அவள் காப்பித் தோட்டத்துப் பக்கம் அப்பாவோடு நடந்துபோய்விட்டு வந்தாள். மிளகுக்கொடி ஏறிய மரங்களுக்கு நடுவே அவள் குரல் கேட்டபோது, அடுப்படியில் நின்றுகொண்டு நெடுநாளைக்குப் பிறகு ஒரு பாட்டை முணுமுணுத்தேன்.

அந்த வாரத்தில்தான் ஒருநாள் காலை அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். சீப்பு பாதியில் லேசாயிற்று. சிக்கு விழுந்து பிடிக்கவேண்டிய இடத்தில் பிடிக்காமல் நழுவி வந்தது. பார்த்தால் சீப்போடு ஒரு கொத்து முடி, வேரோடு, கயிறு மாதிரி தொங்கியது. அவள் கண்ணாடியைப் பார்க்காமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அந்தக் கொத்தைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டேன். மறுபடி வாரினேன். மறுபடியும் வந்தது.

நங்கையிடம் காட்டினேன். அவர் அதை உள்ளங்கையில் வாங்கி, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் பயம் இருந்தது. ஆனால் என்னுடைய பயம் இல்லை அது.

"சாமி கேக்குது" என்றார். "நாம மறந்துட்டோம்னு நெனச்சிருச்சு. அதான் அதுவே எடுத்துக்குது."

இதை எழுதும்போது படிப்பவர்களுக்கு இது எப்படித் தோன்றும் என்று எனக்குத் தெரிகிறது. ஆனால் அன்று அந்தச் சொல் என் காதில் விழுந்தபோது உடம்பெல்லாம் தளர்ந்து ஒரு நிம்மதி வந்தது என்பதுதான் உண்மை. மருந்து எடுக்கிறது என்றால் எதுவரை எடுக்கும் என்று தெரியாது. சாமி எடுக்கிறது என்றால் என்ன கேட்கிறது, எவ்வளவு கேட்கிறது என்று தெரியும். கொடுத்துவிட்டால் தீர்ந்தது. நோயாலும் முடி கொட்டும், ரத்தச் சோகையாலும் கொட்டும், காகிதத்திலேயே போட்டிருக்கிறது என்று என் படிப்பும் கூடவே தலையாட்டியது. என் கணவர் மட்டும் டாக்டரைக் கேட்டுவிடலாமா என்றார். அடுத்த ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது கேட்கலாம், முடிக்காக மலை இறங்குவதா என்றேன்.

மகளிடம் சொன்னபோது அவள் முரண்டு பிடிக்கவில்லை. தலையணையில் கிடந்ததை அவளும் பார்த்திருக்கிறாள். குளிக்கும்போது தண்ணீர் போகிற வழியை அடைத்துக்கொண்டு கிடந்ததை எடுத்து வெளியே போட்டிருக்கிறாள். "கொட்டி முடியறதுக்குள்ள குடுத்துருவோம்" என்றாள். "இல்லாட்டி சாமிக்கு மிச்சம் மீதியக் குடுத்த மாதிரி ஆயிரும்."

கோயில் ஓடைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அன்று காலையில் பனி விலகவே இல்லை. உறவுக்காரர்கள் சிலர் வந்திருந்தார்கள். பொங்கல் ஒருபக்கம் வெந்துகொண்டிருந்தது. முடி எடுப்பவர் அவளைக் கல்லில் உட்காரவைத்து, தலையில் தண்ணீர் தெளித்துத் தேய்த்தார். கத்தியை எடுக்கும் முன்பே அவர் விரல்களுக்கிடையில் முடி வந்துவிட்டது. அவர் கையை உதறிவிட்டு என்னைப் பார்த்தார். நங்கை முந்திக்கொண்டு, "சாமி இழுத்துக்குதுங்க" என்றார். அவரும் ஆமாங்க என்று சொல்லிவிட்டுத் தலையில் கத்தியை வைத்தார்.

முடி முழுக்கத் தட்டில் வந்து விழுந்தது. உப்பிய முகத்துக்கு மேல் மொட்டைத் தலை உருண்டையாக, சின்ன வயதில் காது குத்திய நாளில் இருந்த மாதிரியே இருந்தாள். ஓடையில் முழுகிவிட்டு வந்ததும் தலைக்குச் சந்தனம் பூசினோம். எல்லாரும் தடவிப் பார்த்தார்கள். அவள் ஒவ்வொருவரிடமும், "தொட்டுப் பாக்கறவங்க எல்லாம் ஆளுக்கொரு அதிரசம் எடுத்து வைங்க" என்று வம்பு செய்தாள். நன்றாகத்தான் இருந்தாள். அன்றைக்கு எடுத்த படங்கள் என் போனில் இருக்கின்றன. திறந்து பார்ப்பதில்லை, அழிக்கவும் முடியவில்லை.

அதற்குப் பிறகு சீப்பு தேவைப்படவில்லை. தலையணை சுத்தமாக இருந்தது. எனக்கும் கண்ணில் பட ஒன்றுமில்லாமல் போயிற்று.

இரண்டொரு நாளில் காய்ச்சல் வந்தது. முதலில் லேசாகத்தான். நங்கை வந்து தலையைத் தொட்டுப் பார்த்து, "வெறுந்தலையில பனி எறங்கிருச்சு. ஓடைத் தண்ணி வேற சில்லுனு கெடந்துச்சு. துண்டக் கட்டி உட்டா சரியாப் போயிரும்" என்றார். மலையில் மொட்டை போட்ட எந்தப் பிள்ளைக்கும் அப்படித்தான் சொல்வோம். எனக்கு டாக்டர் சொன்ன சொல் ஞாபகம் வந்தது. காய்ச்சல் வந்தால் வைத்துக்கொண்டிருக்காதீர்கள். ஆனால் அவர் மொட்டையைப் பற்றி அறியாதவர், பனியைப் பற்றி அறியாதவர் என்று மனம் ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தது. கம்பளிக் குல்லாய் போட்டுவிட்டேன். மிளகுக் கஷாயம் கொடுத்தேன்.

கஷாயத்தை வாயில் வைத்ததும் அவள் துப்பிவிட்டாள். எரிகிறது என்றாள். வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். நாக்கின் ஓரம், உதட்டின் உட்புறம், அண்ணம் எல்லாம் வெள்ளை வெள்ளையாகப் புண். சூட்டுப்புண் என்று யாரோ சொன்னார்கள். பனி இறங்கியதும் சூடு ஏறியதும் ஒரே உடம்பில் எப்படி என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் செருப்பைக்கூட மாட்டாமல் பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் போனேன். எங்கள் பக்கத்தில் அங்கேதான் போன் ஒழுங்காக எடுக்கும்.

சேலம் ஆஸ்பத்திரியில் போனை எடுத்தது இளம் பெண் டாக்டர். மகளின் பெயர், மாத்திரையின் பெயர், எப்போது ஆரம்பித்தது எல்லாம் கேட்டார். காய்ச்சல் என்றேன். வாயில் புண் என்றேன். அவர் குரல் மாறியது.

"முடி கொட்டுதாம்மா?"

"இல்லீங்க" என்றேன்.

சொல்லிவிட்டு நின்றேன். அது பொய் இல்லை. அன்று காலை அவள் தலையணையில் ஒரு முடிகூட இல்லை. தொட்டியின் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் வேறு ஏதோ கேட்கத் தொடங்கினார். நான் குறுக்கிட்டேன்.

"டாக்டர், அவளுக்கு முடியே இல்லீங்க. வேண்டுதலுக்கு மொட்டை அடிச்சிருக்கு."

"மொட்டை அடிக்கறதுக்கு முன்னாடி?"

"கொத்துக் கொத்தா வந்துச்சுங்க."

போன் அறுந்துவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். பிறகு அவர் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகப் பேசினார். அந்த மஞ்சள் மாத்திரையை இனி ஒன்றுகூடக் கொடுக்காதீர்கள். ஸ்டீராய்டை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். இப்போதே கிளம்புங்கள், பஸ்ஸில் வேண்டாம், கூட்டத்தில் வேண்டாம். யாருக்காவது சளி இருமல் இருந்தால் பக்கத்தில் விடாதீர்கள். எவ்வளவு நேரத்தில் வருவீர்கள் என்று கேட்டார். மலையிலிருந்து வருகிறோம் என்றேன். "சீக்கிரம் வாங்கம்மா" என்றார். டாக்டர்கள் சாதாரணமாக அந்தச் சொல்லை அந்தக் குரலில் சொல்வதில்லை.

என் கணவர் மரவள்ளிக்கிழங்கு ஏற்றிக்கொண்டிருந்தார். பாதி ஏற்றிய பிக்கப் வண்டியிலிருந்து மூட்டைகளை அப்படியே ரோட்டோரத்தில் தள்ளிவிட்டு வண்டியைத் திருப்பச் சொன்னார். டிரைவருக்குப் பக்கத்தில் நானும் மகளும். என் கணவர் பின்னால் வெறும் தொட்டியில் நின்றுகொண்டு வந்தார். நங்கை வண்டிக்குப் பக்கத்திலேயே கொஞ்ச தூரம் நடந்து வந்தார்.

அந்த இறக்கத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை. டிரைவர் ஹாரனை அடித்துக்கொண்டே ஒவ்வொரு வளைவாகத் திருப்பினார். மகள் என் தோளில் சாய்ந்திருந்தாள். குல்லாய்க்குள் அவள் தலை அனலாகக் கொதித்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டால் டிரைவர் விடும் மூச்சு உள்ளேயே சுற்றும், இறக்கிவிட்டால் குளிர்காற்று அடிக்கும். நான் பாதி இறக்கினேன், ஏற்றினேன், மறுபடி இறக்கினேன். அவள் வழக்கமாக நிறுத்தச் சொல்லும் இடங்கள் எனக்கும் தெரியும். ஒவ்வொன்றும் வரும்போது அவள் முகத்தைப் பார்த்தேன். எந்த வளைவிலும் அவள் நிறுத்தச் சொல்லவில்லை. எத்தனையோ முறை, இந்தப் பயணம் ஒரு தடவையாவது நிற்காமல் போகவேண்டும் என்று வேண்டியிருக்கிறேன். அன்று அவள் கண்ணைத் திறந்து, அம்மா வண்டிய நிறுத்தச் சொல்லுங்க என்று சொல்லமாட்டாளா என்று ஏங்கினேன்.

காரவள்ளியில் எங்களுக்குத் தெரிந்த மிளகு வியாபாரி காரோடு நின்றிருந்தார். வழக்கமாக என் கணவரிடம் மிளகு வாங்குகிற பாய். போனில் சொன்னதைக் கேட்டுப் பின்சீட்டில் துவைத்த விரிப்பு போட்டு, முகத்தில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். அரை மணி பேசினாலும் பேச்சை முடிக்காத மனிதர். "டீச்சர், சேலம் போற வரைக்கும் நான் வாயத் தொறக்க மாட்டேனுங்க. மூச்சக்கூட ஜன்னல் பக்கமா உட்டுக்கறேன்" என்றார். சொன்ன மாதிரியே வந்தார். ராசிபுரம் தாண்டும்போது அவர் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடுவதைக் கண்ணாடியில் பார்த்தேன்.

ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். வழக்கமான டாக்டர் வந்தார். உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. வெள்ளை அணுக்கள் இருக்கவேண்டிய இடத்தில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை என்றார்.

"காவல்காரங்க எல்லாருமே தூங்கிட்டாங்களா டாக்டர்?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். நான் ஆசிரியை என்பதால் என்னிடம் மழுப்பக்கூடாது என்று நினைத்திருக்கலாம். "தூங்கலைங்கம்மா. இல்லாமப் போயிட்டாங்க. எலும்புக்குள்ளிருந்து புதுசா வரணும். வர வைக்கறதுக்கு ஊசி போடறோம். அவங்க வர்ற வரைக்கும் வெளியிலிருந்து எதுவும் உள்ள போகக் கூடாது."

அவர் சொன்ன மற்றவை எனக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம் இருக்கிறது. சிலருக்குப் பிறவியிலேயே இந்த மருந்தை உடைத்து வெளியே தள்ளுகிற சக்தி குறைவு. நம் நாட்டிலும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு முதலில் கொத்தாக முடி கொட்டும், அதை ஒட்டியே அணுக்கள் சரியும். ஒரு பரிசோதனைக்கும் அடுத்ததற்கும் நடுவிலேயே எல்லாம் நடந்துவிடுவது உண்டு. அது யாரிடமிருந்து வந்தது என்று என் கணவர் கேட்டார். இவ்வளவு வேகமாக இறங்கியிருப்பதைப் பார்த்தால் இரண்டு பேரிடமிருந்தும் வந்திருக்கும் என்றார் டாக்டர். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அவளுக்கு அவர் மூக்கு, என் நெற்றி என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். இதையும் நாங்கள்தான் கொடுத்திருக்கிறோம், ஆளுக்குப் பாதியாக.

அவளைத் தனியறையில் வைத்தார்கள். உள்ளே போகிறவர்கள் கை கழுவி, முகமூடி போட்டு, மேலங்கி மாட்டிக்கொண்டு போகவேண்டும். ஒரு நேரத்தில் ஒருவர்தான். பூ கூடாது, பழம் கூடாது, வெளிச் சாப்பாடு கூடாது. அம்மா என்பவளும் வெளியிலிருந்து வரும் கிருமிதான் என்று அந்தக் கதவின் முன் நின்று தெரிந்துகொண்டேன். கையைக் கழுவினேன். கழுவிய கையால் கதவைத் தொட்டதாகத் தோன்றி மறுபடி கழுவினேன். தொண்டை கமறினால் உள்ளே போகாமல் திரும்பி வந்துவிடுவேன். இருமல் வந்துவிடுமோ என்ற பயத்திலேயே இருமல் வந்தது.

நங்கை மறுநாள் பஸ் பிடித்து வந்தார். கையில் மலைவாழைப்பழச் சீப்பும், குலசாமி கோயில் திருநீறும். நர்ஸ் இரண்டையும் வாசலிலேயே நிறுத்திவிட்டார். திருநீறு மண்ணில் கிடந்தது, உள்ளே போனால் ஆபத்து என்று அவர் சொன்னதை நங்கை இரண்டு முறை கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு வராந்தா பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். நான் டாக்டர் சொன்னதை அவருக்குச் சொன்னேன். முடியைப் பற்றியும் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் யாரிடமாவது சொல்லவேண்டியிருந்தது.

நங்கை பழத்தை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார்.

"அப்ப, அந்த முடியக் கேட்டது சாமி இல்லையா?" என்றார்.

நங்கை திருநீற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, அவள் அறை இருந்த பக்கம் பார்த்துவிட்டு, தன் நெற்றியில் பூசிக்கொண்டார்.

காய்ச்சல் ஏறியும் இறங்கியும் இருந்தது. ஏறும்போது கட்டில் ஆடுகிற அளவுக்கு நடுங்குவாள். வாய்ப் புண்ணால் எச்சில்கூட விழுங்க முடியாது. துணியில் ஒற்றி எடுப்பேன். எந்த மருந்து எந்தப் பாட்டிலில் இறங்குகிறது என்று நான் கேட்பதை நிறுத்தியிருந்தேன். ஒரு மருந்து செய்ததைச் சரிசெய்ய இத்தனை மருந்துகள், இவற்றில் எது நாளைக்கு என்ன செய்யுமோ என்ற நினைப்பு வந்துகொண்டே இருந்தது. ஒருநாள் மத்தியானம் காய்ச்சல் விட்டிருந்த நேரம். என் விரலைப் பிடித்துக்கொண்டு, புண் வாயால் மெல்லக் கேட்டாள்.

"அம்மா, எனக்கு எதாச்சும் ஆயிட்டா, மொட்டைத் தலையோடவேதான் போவேனா?"

"வளரும் கண்ணு" என்று மட்டும் சொன்னேன். அவள் தலையாட்டினாள். எனக்காகத்தான் ஆட்டினாள் என்று தெரிந்தது.

ஒவ்வொரு காலையும் ரத்தம் எடுத்துக்கொண்டு போவார்கள். டாக்டர் வரும்போது அவர் கையிலிருக்கும் ரிப்போர்ட்டைப் பார்க்கமாட்டேன், கண்ணைப் பார்ப்பேன். முகமூடிக்கு மேலே கண் மட்டும்தானே தெரியும். பல நாள் அந்தக் கண் மாறவே இல்லை. பிறகு ஒரு காலையில் அது சுருங்கியது. சிரிக்கிறார் என்று புரிய எனக்குச் சற்று நேரம் ஆயிற்று. வர ஆரம்பித்துவிட்டார்கள் என்றார். யார் என்று கேட்டேன். "உங்க காவல்காரங்க" என்றார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்குக் கூட்டிவந்தபோது தலையில் பூனைமுடி போல மெலிதாகத் தெரிந்தது. அத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மருந்து நின்றதும், ஸ்டீராய்டு குறைந்ததும், குடல் பழைய வேலையை ஆரம்பித்தது. மறுபடி ரத்தம். மறுபடி உதடு வெளுத்தது. டாக்டர் வேறொரு மருந்தைச் சொன்னார். சில வாரங்களுக்கு ஒருமுறை சேலத்துக்குப் போய் நரம்பு வழியாக ஏற்றிக்கொள்ளவேண்டும். இதுவும் காவல்காரர்களை அடக்குகிற மருந்துதான், ஆனால் வேறு வழியில் என்றார். ஆரம்பிக்கும் முன்பு நெஞ்சைப் படம் எடுத்து, காசநோய் எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும், ஒளிந்திருந்தால் இந்த மருந்து அதை எழுப்பிவிடும் என்றார். பார்த்தார்கள், இல்லை. இல்லையென்றாலும் பிறகு தொற்றலாம். விடாத இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவது, இதில் எது வந்தாலும் உடனே வரவேண்டும்.

நான் வேண்டாம் என்றேன். பத்தியம் இருக்கலாம், நாட்டு மருந்து பார்க்கலாம் என்றேன். பிள்ளைகளுக்கு அறிவியல் பாடம் நடத்துகிறவள் பேசுகிற பேச்சில்லை அது. மகள்தான் பேசினாள்.

"உங்களுக்கு ஆஸ்பத்திரி பயம்மா. எனக்கு பஸ் பயம். நான் இன்னும் எத்தன வருஷத்துக்கு அந்தப் பொதருங்களுக்குப் பேரு வெச்சுக்கிட்டு இருக்கறது? காலேஜுக்குப் போகணும். இருமுனா சொல்றேன். போதுமா?"

போதாது. ஆனால் சரி என்றேன்.

மருந்து ஏற ஆரம்பித்தது. வயிறு அடங்கியது. கல்லூரிக்குத் திரும்பிப் போனாள். வாரக்கடைசியில் மலை ஏறி வரும்போது பஸ் ஓரிடத்திலும் நிற்கவில்லை என்று சொல்வாள். முடி இப்போது காதைத் தாண்டி வளர்ந்துவிட்டது, முன்பைவிடச் சுருட்டையாக.

போன மாதம் நங்கை வந்தார். மெதுவாக ஆரம்பித்தார். வேண்டிக்கொண்டது உடம்பு தேறினால் முடி எடுக்கிறோம் என்றுதான். நாம் எடுத்தது தேறும் முன்பே. அது வேண்டுதல் கணக்கில் சேருமா? இப்போதுதானே உண்மையில் தேறியிருக்கிறாள்? பூசாரியைக் கேட்டாராம், அது உங்கள் மனசுதான் என்றாராம்.

மகள் உள்ளிருந்து கேட்டுக்கொண்டே வந்தாள். "அத்தை, அதே முடிய ரெண்டுவாட்டி எப்படிங்க கேக்கறது? சாமிக்கே வெக்கமா இருக்கும்."

நங்கை சிரித்தார். ஆனால் அவர் கண் என் மேல்தான் இருந்தது. நான் சாமி பயம் உள்ளவள். அப்படியிருந்தும் வேண்டாம் என்றேன். யோசிக்காமலே சொல்லிவிட்டேன். முடி இருந்தால்தானே கொட்டுகிறதா என்று தெரியும்? அது இல்லாமல் அவளை எதைப் பார்த்துக் காப்பது? மறுநாள் காலையில் நானே தனியாகக் கோயிலுக்குப் போய், இதையேதான் சாமியிடமும் சொன்னேன். இந்தத் தலைமுடியை எனக்கு விட்டுவிடு, நான் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும் என்றேன். கோபித்துக்கொள்ளாது என்றுதான் நினைக்கிறேன்.

அவள் வரும்போதெல்லாம் தலை வாரிவிடுகிறேன் என்று கூப்பிடுவேன். எதற்கென்று அவளுக்குத் தெரியும். சீப்பில் ஒற்றை முடி சுற்றியிருந்தாலும் என் கை நின்றுவிடும். "அம்மா, இந்த மருந்துக்கு அது இல்லம்மா, இதுக்கு இருமல்தான்" என்பாள். ஆமாம், இருமல்தான். ஆனாலும் சீப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் வைக்கமுடிவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காலை. அடுப்பில் எண்ணெய் காய்ந்திருந்தது. கடுகு போட்டு, வரமிளகாயைக் கிள்ளிப் போட்டேன். பின்னால் அவள் இருமினாள். ஒன்று, அப்புறம் தொடர்ந்து, மூச்சு வாங்க இருமினாள். நான் கரண்டியைப் போட்டுவிட்டுத் திரும்பினேன். அவள் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டேன். எப்போதிருந்து, எப்போதிருந்து என்று கேட்டேன். அவள் கண்ணில் தண்ணீர் வழிய, ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, இன்னொரு கையால் அடுப்பைக் காட்டினாள்.

"மிளகா நெடிம்மா."

அடுப்பை அணைத்தேன். எனக்கும் தொண்டை கமறியது. இருவரும் வெளியே வந்து நின்றோம். அவள் சிரித்தாள், இருமினாள், மறுபடி சிரித்தாள். நான் அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டு, இருமல் எப்போது நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நின்றது. இன்னும் கொஞ்சநேரம் கையை எடுக்கவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வரமிளகாய் தாளிப்பதில்லை. ரசத்துக்குக் கடுகும் கறிவேப்பிலையும் போதும். ருசி குறைவு என்று என் கணவர் சொல்கிறார். சொல்லட்டும். இந்த வீட்டில் அவள் இருமினால், அது எதனால் என்று எனக்குத் தெரியவேண்டும்.